2010 டெல்லி கேம்ஸும் எங்க வீட்டு வாசல்ல சாத்தி வச்ச கதவும்

2025 நவம்பர் கடைசியில 2030 காமன்வெல்த் கேம்ஸ் அகமதாபாத்துக்குன்னு முடிவாச்சு, அன்னிக்கு சாயங்காலம் எங்க ஸ்கூல் வாட்ஸப் குரூப் அப்படியே அதிருது. நாங்க எல்லாரும் டெல்லில வளந்த தமிழ்ப் பசங்க, லோதி எஸ்டேட் தமிழ் ஸ்கூல்ல ஒண்ணா படிச்சவங்க, 2010ல டெல்லில காமன்வெல்த் கேம்ஸ் நடந்தப்ப எல்லாருக்கும் இருபது வயசு பக்கம். ஒருத்தன் ஷேரா போட்டோ போட்டான், அந்த கேம்ஸோட சின்னம், அந்தப் புலி பொம்மை ஞாபகம் இருக்குல்ல, இன்னொருத்தி தன்னோட பழைய வாலண்டியர் கார்டைப் போட்டோ எடுத்து போட்டா, நாமெல்லாம் அங்க இருந்தோம்டின்னு எழுதி. நானும் பீரோவைக் கிளறி என் கார்டைத் தேடி எடுத்தேன். எடுத்துட்டு அப்படியே கையில வச்சிட்டு உக்காந்துட்டேன், போட்டோ எடுத்துப் போட மனசு வரல. அந்தக் கார்டைப் பாத்தா எனக்கு ஒரு கதவு ஞாபகம் வரும். ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சதுதான், இன்னிக்கு எழுதிடறேன்.

அப்பாக்கு சென்ட்ரல் கவர்ன்மென்ட் வேலை, லோதி காலனில கீழ்வீட்டு கோட்டர்ஸ். எங்க வீட்லேந்து ஜவஹர்லால் நேரு ஸ்டேடியத்துக்கு நடந்தே போயிடலாம். அது 1982 ஏஷியாடுக்கு, அதாவது ஆசிய விளையாட்டுப் போட்டிக்குக் கட்டினது. அப்பா அப்பதான் வேலை கெடச்சு டெல்லி வந்த புதுசு, பி.டி. உஷா ரெண்டு வெள்ளி வாங்கினதை அந்த ஸ்டேடியத்துலயே பாத்தேன்னு இன்னிக்கும் சொல்லுவாரு, அந்த ஏஷியாடோட சின்னம் அப்பு யானை பத்தி சொல்லுவாரு, ஊர்ல கலர் டிவி வந்ததே அந்த வருஷம்தான்னு சொல்லுவாரு. எங்க வீட்ல ஏஷியாடுன்னா அது ஒரு தீபாவளி மாதிரி. அதனால நம்ம ஊருக்கு திரும்ப ஒரு கேம்ஸ் வருது, நாமும் அதுல ஒரு வேலை பாக்கலாம்னு தெரிஞ்சப்ப எனக்கு எப்படி இருந்திருக்கும்னு பாத்துக்கோங்க. காலேஜ்ல ஃபார்ம் வந்த அன்னிக்கே பூர்த்தி பண்ணிக் குடுத்துட்டேன்.

எங்க வீட்டுக்கு வேலைக்கு ஒரு அக்கா வருவாங்க. கள்ளக்குறிச்சி பக்கத்து ஊரு, சின்ன வயசுலயே அப்பா அம்மாவோட டெல்லி வந்தவங்க. ஸ்டேடியத்துக்கு அந்தாண்ட ஜங்க்புரா பக்கம் பாராபுல்லா நாலா ஓரமா நம்ம தமிழ் ஆளுங்க குடிசை போட்டு இருந்தாங்க, அங்கதான் அவங்க வீடு. நாலான்னா பெரிய சாக்கடைக் கால்வாய், ஒரு காலத்துல மழைத்தண்ணி யமுனைக்குப் போற ஓடை. நான் அங்க ரெண்டு மூணு தடவை அம்மாவோட போயிருக்கேன், ஆடி மாசம் கூழ் ஊத்துவாங்க, மாரியம்மனுக்கு. உள்ள நுழைஞ்சா டெல்லின்னே தோணாது, வாசல்ல கோலம், ரேடியோல நம்ம பாட்டு, கெழவிங்க திண்ணை இல்லாத குறைக்கு ஒரு பலகையப் போட்டு உக்காந்து வெத்தலை போட்டுட்டு இருப்பாங்க. லாஜ்பத் நகர், போகல், ஜங்க்புரா, லோதி காலனி, இந்தப் பக்கத்துல பாத்திரம் தேய்க்கற, வீடு பெருக்கற, கொழந்தை பாத்துக்கற பாதிப் பேரு அங்கேந்து வர்றவங்கதான்.

2010 ஏப்ரல் மாசம் நடுவுல ஒரு நாள். அக்கா தெனமும் காலைல ஏழு மணிக்கு வர்றவங்க, அன்னிக்கு வரல. பதினோரு மணிக்கு மேல வந்தாங்க. தலை, புடவை, கண்ணிமை எல்லாம் ஒரே செங்கல் தூசி. கையில அவங்க பையனோட ஸ்கூல் பை, அதுக்குள்ள பொஸ்தகத்துக்குப் பதிலா ரேஷன் கார்டு, ஓட்டர் ஐடி, பெரிய பொண்ணோட மார்க்‌ஷீட்டு, எல்லாம் ஒரு பால் கவர்ல சுத்தி. அவங்களுக்குப் பின்னாடியே அவங்க வீட்டுக்காரர் ஒரு கதவைத் தலைமேல வச்சு தூக்கிட்டு வந்து நிக்கறாரு.

நீல பெயின்ட் அடிச்ச மரக்கதவு. கீல் எல்லாம் அப்படியே தொங்குது, ஒரு கீல்ல செவுத்து சிமென்ட் துண்டு ஒட்டிட்டு இருக்கு. புல்டோசர் வர்றதுக்குள்ள அவரு பேத்து எடுத்த ஒரே பெரிய சாமான் அதுதான். ஏன் கதவுன்னு அம்மா கேட்டாங்க. அக்கா சொன்னாங்க, "அதுதாம்மா காசு போட்டு வாங்கினது, செவுரெல்லாம் நாங்களா வச்சதுதானே". கதவோட உள்பக்கம் பென்சில்ல கோடு கோடா பால் கணக்கு, அஞ்சு கோட்டுக்கு ஒரு குறுக்குக் கோடு, பக்கத்துல மாசம் பேரு. பங்குனி வரைக்கும் இருந்துச்சு, சித்திரைக்கு ஒரே ஒரு கோடு.

ஒரு வாரம் இருக்கட்டும்மான்னு சொல்லி வாசல் செவுத்துல சாத்தி வச்சிட்டுப் போனாங்க.

அன்னிக்கு அந்த இடத்துல 360க்கும் மேல குடும்பங்களோட வீடு போச்சு, எல்லாம் தமிழ் ஆளுங்க, முக்காவாசிப் பேரு தலித் ஜனங்க, முப்பது வருஷத்துக்கு மேல அங்கயே இருந்தவங்க. எதுக்குன்னா கேம்ஸுக்கு ஸ்டேடியம் பக்கத்துல வண்டி நிறுத்த இடம் வேணும்னு. கார் பார்க்கிங். இதை நான் அப்புறம் பேப்பர்ல படிச்சு தெரிஞ்சுக்கிட்டேன், அக்கா வந்து சொன்னப்ப "எதோ ரோடு போடறாங்களாம் பாப்பா"ன்னுதான் சொன்னாங்க. அவங்களுக்கு அதுகூட சரியா யாரும் சொல்லல.

இப்ப இங்க ஒண்ணு சொல்லணும். டெல்லிக்கு இந்த கேம்ஸ் கெடச்சது 2003 நவம்பர்ல, கனடாவோட ஹாமில்டன ஓட்டுல ஜெயிச்சு. ஏழு வருஷம் இருந்துச்சு. முதல் நாலஞ்சு வருஷம் பேப்பர்லயே போச்சு, அப்புறம் கடைசி ரெண்டு வருஷம் ஊரே ஒரே பள்ளம். ஒரு கேம்ஸ்ல மாத்தவே முடியாதது ஒண்ணே ஒண்ணுதான், அது தேதி. அக்டோபர் 3ன்னா அக்டோபர் 3தான், எழுபத்தியொரு நாட்டுலேந்து ஆளுங்க வந்து எறங்கிடுவாங்க. தேதி நெருங்க நெருங்க எல்லாத்துக்கும் அவசரம் வந்துடும், அவசரம் வந்தா எதிர்த்துப் பேச வக்கீல் வைக்க முடியாதவங்க, பேப்பர் காட்ட முடியாதவங்க, அவங்கதான் மொதல்ல நகந்தாகணும். ஏழு வருஷத்துக்கு முன்னாடியே உக்காந்து பேசியிருந்தா அந்த 360 குடும்பத்துக்கு பக்கத்துலயே எங்கயாவது இடம் பாத்திருக்க முடியாதா? முடிஞ்சிருக்கும்னு நான் முழுசா நம்பறேன். ஒரு ஸ்டேடியத்தைப் புதுப்பிக்க 900 கோடிக்கு மேல செலவு பண்ண ஊருக்கு இது ஒரு காசா?

ஆனா நான் அப்ப இதெல்லாம் யோசிக்கல. உண்மையச் சொல்லணும்னா கதவைப் பாக்கறப்ப மனசு கஷ்டமா இருக்கும், அரை மணி நேரத்துல ட்ரெயினிங் போறப்ப மறந்துடும். அந்த ஒரு வாரம் ஒரு மாசமாச்சு, ஆறு மாசமாச்சு. அக்கா குடும்பத்தோட அதே நாலா ஓரமா கொஞ்சம் தள்ளி நிஜாமுதீன் ரயில்வே லைன் பக்கம் இருக்கற மதராசி கேம்ப்ல அவங்க தங்கச்சி வீட்ல ஒண்டிக்கிட்டாங்க, ஒரே ரூம்ல ஒன்பது பேரு. அங்கேந்து எங்க வீட்டுக்கு வர வழியிலதான் பழைய வீடு இருந்த இடம், அதனால ஸ்டேடியத்தைச் சுத்திக்கிட்டு வேற ரோட்ல வருவாங்க.

செப்டம்பர் மாசம் ஊரே பதட்டமா இருந்துச்சு. யமுனையில வெள்ளம், ஊர் முழுக்க டெங்கு. 21ஆம் தேதி ஸ்டேடியம் வாசல்ல கட்டிட்டு இருந்த நடைபாலம் இடிஞ்சு விழுந்து இருபதுக்கும் மேல தொழிலாளிங்களுக்கு அடி. அந்த சத்தம் எங்க தெருவுக்குக் கேட்டுச்சுன்னு மாடி வீட்டு ஆன்ட்டி சொன்னாங்க. அப்புறம் ராணுவம் வந்து அதே இடத்துல சில நாள்ல ஒரு பெய்லி பாலம், இரும்புத் துண்டுங்களைக் கோத்து சட்டுனு போடறது, போட்டுக் குடுத்தாங்க. வெளிநாட்டுப் பேப்பர் எல்லாம் கிராமத்து ரூம் அசிங்கமா இருக்கு, பாத்ரூம் சரியில்லன்னு எழுதினாங்க, கிராமம்னா அத்லெட்டுங்க தங்கற கேம்ஸ் வில்லேஜ், அக்ஷர்தாம் பக்கத்துல யமுனைக் கரையில கட்டினது. அதைப் படிச்சிட்டு எங்களுக்கெல்லாம் அழுகையா வந்துச்சு, நம்ம ஊரை இப்படிப் பேசறாங்களேன்னு. ரோட்டோரக் குடிசைங்க தெரியாம இருக்க ஷேரா படம் போட்ட பெரிய பெரிய பேனரா கட்டினாங்க. நானே ஒரு தடவை பஸ்ல போறப்ப பேனர் ரெண்டு சேர்ற எடத்துல இருக்கற இடுக்கு வழியா ஒரு சின்னப் பொண்ணு எட்டிப் பாக்கறதைப் பாத்தேன்.

அக்டோபர் 3, திறப்பு விழா. அன்னிக்குதான் சென்ட்ரல் செக்ரடேரியட்லேந்து சரிதா விஹார் போற மெட்ரோவும் ஓட ஆரம்பிச்சது, எங்க ஸ்டேடியம் பேருலயே ஒரு ஸ்டேஷன், அடுத்தது ஜங்க்புரா. வில்லேஜ்லேந்து ஸ்டேடியத்துக்கு பஸ்ஸு எங்கயும் நிக்காம வரணும்னு அந்த நாலாக்கு மேலயே தூண் நிறுத்தி பாராபுல்லா மேம்பாலம் கட்டியிருந்தாங்க, நாலு கிலோமீட்டர் சொச்சம். அந்த மெட்ரோலயும் அந்தப் பாலத்துலயும் நான் இன்னிக்கு வரைக்கும் எத்தனை தடவை போயிருப்பேன்னு கணக்கே கெடையாது. அதெல்லாம் நல்லதுதான், ஊருக்கு வேண்டியதுதான், அதை நான் எப்பவும் ஒத்துக்குவேன்.

எனக்குக் கெடச்சது ஸ்டேடியம் கேட்ல டிக்கெட் பாத்து ஜனங்கள சீட்டுக்கு அனுப்பற வேலை. மொத ரெண்டு மூணு நாள் அத்லெடிக்ஸுக்கு சீட்டு பாதி காலி. 11ஆம் தேதிதான் மாறிச்சு. பொம்பளைங்க டிஸ்கஸ், கிருஷ்ணா பூனியா 61.51 மீட்டர் எறிஞ்சு தங்கம், ஹர்வந்த் கவுர் வெள்ளி, சீமா அன்டில் வெண்கலம், மூணு மெடலும் நமக்கு. 1958ல மில்கா சிங் வாங்கினதுக்கு அப்புறம் 52 வருஷம் கழிச்சு காமன்வெல்த் அத்லெடிக்ஸ்ல நமக்கு ஒரு தங்கம். அடுத்த நாள் கேட்ல கூட்டம் சமாளிக்க முடியல.

அந்த அடுத்த நாள், 12ஆம் தேதி, ஸ்டேடியத்துல அத்லெடிக்ஸ் கடைசி நாள், பொம்பளைங்க 4x400 ரிலே. என் ஷிஃப்ட் முடிஞ்சிருந்துச்சு, படிக்கட்டுல ஓரமா நின்னு பாத்தேன். மஞ்சீத் கவுர், சினி ஜோஸ், அஷ்வினி அக்குஞ்சி, மந்தீப் கவுர். மூணாவதா அஷ்வினி பேட்டன வாங்கினப்ப முன்னாடி நைஜீரியா. அந்தப் பொண்ணு அவசரமே படல, பின்னாடியே ஒட்டிக்கிட்டு ஓடி அப்புறம் தாண்டிப் போச்சு, அந்த நேரத்துல ஸ்டேடியத்துல வந்த சத்தம் காதால கேட்டது இல்ல, நெஞ்சுல அடிச்சுது. எனக்குப் பக்கத்துல ஒரு சர்தார்ஜி தாத்தா, யாருன்னே தெரியாது, என் கையைப் புடிச்சிட்டு அழறாரு, நானும் அழறேன். 3 நிமிஷம் 27.77 செகண்ட். அந்த மாதிரி ஒரு ராத்திரி என் வாழ்க்கையில அதுக்கு முன்னாடியும் வரல, பின்னாடியும் வரல. அடுத்த வருஷமே அந்த நாலு பேர்ல மூணு பேரு ஊக்கமருந்து டெஸ்ட்ல மாட்டினாங்க, அந்த நியூஸ் வந்த அன்னிக்கு நான் சாப்பிடல. ஆனாலும் அந்த ராத்திரி ஸ்டேடியத்துல அறுபதாயிரம் பேரு ஒண்ணா மூச்சு விட்டது பொய் ஆகாது.

அந்த ராத்திரி வீட்டுக்கு நடந்து வந்தேன், கழுத்துல கார்டு ஆடுது, தொண்டை கட்டிப் போச்சு, வாசல்ல வந்து சாவியைத் தேடறேன், தெருவிளக்கு வெளிச்சம் நேரா அந்தக் கதவுமேல. பங்குனி வரைக்கும் பால் கணக்கு. ஆறு மாசமா தெனம் பாத்துட்டுதான் இருந்தேன், அன்னிக்குதான் கண்ணுல பட்டுச்சு. வந்த கூட்டத்துல எத்தனை வண்டி அந்த இடத்துல நின்னுச்சோ, நான் கை காட்டி உள்ள அனுப்பினவங்க எத்தனை பேரு அந்த வண்டியிலேந்து எறங்கி வந்தவங்களோ. ரெண்டும் ஒரே கேம்ஸ்தான், அந்த ரிலேவும் இந்தக் கதவும். ஒண்ணை மட்டும் எடுத்து வச்சிக்கிட்டு இன்னொண்ணை விட்டுட முடியாதுன்னு அன்னிக்குத் தெரிஞ்சுது.

கேம்ஸ் 14ஆம் தேதி முடிஞ்சுது, 38 தங்கம், மொத்தம் 101 மெடல், ஆஸ்திரேலியாக்கு அடுத்து ரெண்டாவது இடம். நம்ம சரத் கமல் டேபிள் டென்னிஸ் டபுள்ஸ்ல சுபாஜித் சாஹாவோட சேந்து தங்கம் வாங்கினாரு. அப்புறம் ஊழல், விசாரணை, அதெல்லாம் எல்லாரும் எழுதியாச்சு, இன்னிக்கும் 2010ன்னா ஜனங்களுக்கு அதுதான் ஞாபகம். எனக்கு அதுல ஒரு ஆதங்கம் இருக்கு. காசு போனதைப் பத்தி பேசின அளவுக்கு வீடு போனதைப் பத்தி யாரும் பேசல.

1982லயும் இதே மாதிரி ஒரு கதை உண்டு, அதை நான் ரொம்ப லேட்டாதான் படிச்சேன். ஏஷியாடுக்கு ஸ்டேடியம், மேம்பாலம் எல்லாம் கட்டின தொழிலாளிங்களுக்கு ஒரு நாள் குறைஞ்சபட்சக் கூலி 9 ரூபா 25 பைசா. ஆள் புடிச்சிட்டு வந்த ஜமாதாருங்க அதுல ஆளுக்கு ஒரு ரூபா கமிஷனா எடுத்துப்பாங்க. மக்கள் ஜனநாயக உரிமை யூனியன்னு ஒரு அமைப்பு இதை ஒரு லெட்டரா எழுதி சுப்ரீம் கோர்ட்டுக்கு அனுப்ப, அதையே வழக்கா எடுத்துக்கிட்டாங்க. 1982 செப்டம்பர்ல, ஏஷியாட் தொடங்க ரெண்டு மாசம் இருக்கறப்ப, நீதிபதி பகவதி தீர்ப்பு எழுதினாரு. குறைஞ்சபட்சக் கூலிக்குக் கீழ குடுத்து வேலை வாங்கினா அது கட்டாய உழைப்பு, அரசியல் சட்டத்தோட 23ஆவது பிரிவுக்கு எதிரானதுன்னு. அந்த ஒரு ரூபாய்க்காக வந்த தீர்ப்பை இன்னிக்கும் சட்டம் படிக்கற பசங்க படிக்கறாங்க. அப்பாகிட்ட இதைச் சொன்னப்ப ரொம்ப நேரம் பேசாம இருந்தாரு, அப்புறம் "நாங்க யானையத்தான் பாத்தோம்"னு சொன்னாரு.

கதவு டிசம்பர் வரைக்கும் எங்க வாசல்லயே இருந்துச்சு. மதராசி கேம்ப்ல வாடகைக்கு ஒரு ரூம் கெடச்சதும் அக்கா வந்து பழைய சாமான் வாங்கற கபாடிக்காரனைக் கூப்பிட்டு அதைப் போட்டுட்டாங்க. ஏங்க்கா, எடுத்துட்டுப் போகலாமேன்னேன். "வாடகை ரூமுக்குக் கதவு இருக்கு பாப்பா, ரெண்டு கதவ வச்சு நான் என்ன பண்றது". காசை எண்ணி முந்தானையில முடிஞ்சிக்கிட்டு சமையக்கட்டுக்குப் போயி பாத்திரத்தைப் போட்டுத் தேய்க்க ஆரம்பிச்சாங்க.

பதினஞ்சு வருஷம் அங்க இருந்தாங்க. 2025 ஜூன் 1, ஞாயித்துக்கெழம, மதராசி கேம்ப்பும் போச்சு. பாராபுல்லா நாலால அடைப்பு, மழை வந்தா ஊர் முழுகுது, அதனால ஆக்கிரமிப்பை எடுக்கணும்னு கோர்ட் உத்தரவு. சுமார் 370 வீட்ல 189 குடும்பத்துக்குத்தான் தகுதி இருக்குன்னு நரேலால ஃப்ளாட்டு. வாடகைக்கு இருந்த அக்கா பேரு லிஸ்ட்ல இல்ல, தங்கச்சி பேரு இருந்துச்சு. திரும்பவும் தங்கச்சி வீடு. நரேலா டெல்லியோட வடக்குக் கோடி, ஜங்க்புராலேந்து கிட்டத்தட்ட 40 கிலோமீட்டர். தமிழ் ஸ்கூல்ல படிச்சிட்டு இருந்த புள்ளைங்க, பக்கத்துல வீட்டு வேலை பாத்த பொம்பளைங்க, எல்லாருக்கும் ஒரே நாள்ல வாழ்க்கை 40 கிலோமீட்டர் தள்ளிப் போயிடுச்சு. சின்ன வயசுல நான் பாத்த அந்த நாலா ஓரத்துத் தமிழ்நாடு இப்ப இல்லவே இல்ல.

இதுல எனக்குத் தாங்க முடியாதது என்னன்னா, அதே 2025 நவம்பர்ல ஒரு நியூஸ், ஜவஹர்லால் நேரு ஸ்டேடியத்தை இடிச்சிட்டு 102 ஏக்கர்ல ஒரு ஸ்போர்ட்ஸ் சிட்டி கட்டப் போறாங்கன்னு. எதோட பார்க்கிங்குக்காக அவங்க வீட்டை எடுத்தாங்களோ அந்த ஸ்டேடியமே போகப் போகுது.

நான் கேம்ஸ் வேணாம்னு சொல்ற ஆளு கெடையாது. அகமதாபாத்துல 2030ல ஓடப் போற பொண்ணு இப்ப எங்கயோ ஒரு ஸ்கூல் கிரவுண்ட்ல வெறுங்கால்ல ஓடிட்டு இருக்கும், அதுக்கு அந்த ராத்திரி கெடைக்கணும், அந்த சத்தம் கெடைக்கணும். ஆனா இன்னும் நாலஞ்சு வருஷம் இருக்கு, இப்பவே யாராவது அந்த மைதானங்களைச் சுத்தி நடந்து போயி, இங்க யாரு இருக்காங்க, எத்தனை வருஷமா இருக்காங்க, வாடகைக்கு இருக்கறது யாரு, எந்த ஸ்கூல்ல புள்ளைங்க படிக்குதுன்னு ஒரு நோட்டுல எழுதுங்க. தேதி நெருங்கறதுக்கு முன்னாடி எழுதுங்க. அவ்ளோதான் நான் கேக்கறது.

போன ஞாயித்துக்கெழம அக்காக்கு போன் பண்ணேன். இப்ப முட்டி வலி, ஜங்க்புரா வேலைய விட்டாச்சு, ரெண்டு மணி நேரம் பஸ்ல ஒரு வழிக்கு முடியல, நரேலாலயே ஒரு பேக்டரில பேக்கிங் வேலை. அதையும் இதையும் பேசிட்டு அகமதாபாத் சமாச்சாரத்தைச் சொன்னேன், அக்கா, திரும்ப நம்ம நாட்டுல கேம்ஸ் வருதாம், இந்தத் தடவை குஜராத்துலன்னு.

கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம் கேட்டாங்க, "அங்க நம்ம ஆளுங்க இருக்காங்களா?"

இருக்காங்கக்கா, மணிநகர் பக்கம், அந்தக் காலத்துல மில் வேலைக்குப் போனவங்கன்னேன்.

"ஸ்டேடியத்துக்குப் பக்கமாவா?"

இல்லக்கா, அது மோட்டேரா பக்கம், ஊருக்கு இன்னொரு கோடியிலன்னேன்.

"அப்ப சரி"ன்னாங்க. அப்புறம் அம்மாவோட சுகர் எப்படி இருக்குன்னு விசாரிச்சாங்க.